அவர் லைனும் என் லைனும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அறுந்தது. பேராசிரியை சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும் நேரம் பார்த்து என் இணையம் படுத்துவிட்டது. அவர் பேசப் பேச நான் தட்டச்சு செய்தால்தான், காது கேளாத மாணவிகள் திரையில் படிக்க முடியும். திரும்ப இணைந்தபோது பாடம் கல்லீரலுக்குப் போயிருந்தது. நடுவில் போனதை அந்தப் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பது?

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னொரு முறை நடந்தால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று தன்மையாகச் சொன்னார்.

ஜூன் 4, புதன்

கேபிள்காரர் வந்தார். கம்பத்திலிருந்து வரும் வயரை மாற்றினார். பிறகு உள்ளறையை எட்டிப் பார்த்து, “இன்னொரு லைன் சும்மாதானேம்மா கெடக்கு? ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல சேர்த்துடலாமே” என்றார்.

அது என் வீட்டுக்காரருடைய லைன். என் வகுப்பால் தன் மீட்டிங் திக்குகிறது என்று சண்டை போட்டு, உன் லைன் உனக்கு, என் லைன் எனக்கு என்று தனியாக வாங்கியது. வீடு அன்றைக்கே இரண்டாகிவிட்டது. நடுவில் சுவர் எழுப்பாததால் எங்களுக்குத்தான் உறைக்கவில்லை.

மார்ச்சில் கிளம்பினார். கொஞ்ச நாள் தள்ளி இருந்து பார்ப்போம் என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “என் லைன் இருக்கட்டும். வந்தா வேணும்ல” என்றார். அந்த ‘வந்தா’வைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

பாஸ்வேர்டு கேட்க அவரைக் கூப்பிட்டேன். நானே உபயோகித்துக்கொள்ளலாமாம். “வைஃபை பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கு பாரு” என்றார்.

கம்பெனி அச்சடித்துக் கொடுத்த பாஸ்வேர்டு. மாற்றவே இல்லை. நான் என்ன எதிர்பார்த்தேன்? என் பெயரையா? அசடு.

ஜூன் 9, திங்கள்

சேர்த்தாகிவிட்டது. என்னுடையது வயர் வழியாக, அவருடையது வைஃபை வழியாக. இரண்டையும் ஒன்றாக்க ஒரு புரோகிராம். இனிமேல் வேகம் இரட்டிப்பாகிவிடுமா என்று கேட்டேன். கேபிள்காரர் சிரித்தார். “அதையெல்லாம் எதிர்பார்க்காதீங்கம்மா. ஒரு குழாய் நின்னாலும் இன்னொண்ணுல தண்ணி வரும். அவ்வளவுதான்.”

எனக்கு அது போதும்.

ஜூன் 14, சனி

ஏதாவது ஒரு லைன் விழுந்தால் காதுக்குள் ‘டிங்’ என்கிறது. பெரும்பாலும் விழுவது அவருடையது. அவரிடமே போன் செய்து சொன்னேன். “உங்க லைன் அடிக்கடி விழுது. விழுந்தா எனக்கு டிங்குன்னு சத்தம் வருது.” சிரித்தார். “அப்போ நான் இல்லாமலும் உன்னைத் தொந்தரவு பண்றேன்னு சொல்லு.”

மாதக்கணக்கில் இதுதான் முதல் சிரிப்பு. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தப்பு நடந்துவிட்டது. ‘இந்த மருந்தை இவர்களுக்குக் கொடுக்க’ — சரியாக அந்த இடத்தில் டிங். கடைசிச் சொல் காதில் விழவில்லை. வேகத்தில் ‘கொடுக்கலாம்’ என்று அடித்துவிட்டேன். பேராசிரியை சொன்னது ‘கூடாது’. நல்லவேளை, ஒரு மாணவி சந்தேகப்பட்டுக் கேட்டாள். நாளைக்கு நர்சாகப் போகிற பிள்ளைகள்.

செட்டிங்கில் தேடிப்பிடித்து அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கப்போகிறது. எனக்கு எதற்குத் தெரியவேண்டும்?

ஜூலை 2, புதன்

நிம்மதியான வகுப்பு. அவரிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலமானால் அவர் அறைக் கதவைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. லைனை இன்னும் வைத்திருக்கிறார். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர் எதற்கு வைத்திருக்கப் போகிறார்?

ஜூலை 19, சனி

நாத்தனார் பேசினாள். “நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன் அண்ணி. அண்ணன் ஒரு மாதிரியா இருக்கார்” என்றாள். போனவர்தானே கூப்பிட வேண்டும்? போன மாதம் இரண்டு முறையும் நான்தான் கூப்பிட்டேன். வெட்கம் கெட்டு மூன்றாம் முறையுமா?

விளக்கு எரிகிறது. பார்க்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேபிள்காரர் வந்து நின்றார். பெட்டியை எடுத்துப்போக வந்தாராம். எந்தப் பெட்டியை என்றேன்.

“சாரோடதும்மா. போன மாசம் ஆரம்பத்துலயே நிறுத்தச் சொல்லிட்டாரே.”

அறைக்கு இழுத்துக்கொண்டு போய் விளக்கைக் காட்டினேன். எரிகிறதே, எப்படி நின்றிருக்கும் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அது கரண்ட்டு லைட்டும்மா. பிளக்ல இருந்தா எரியும். லைனுக்கு அது பக்கத்துல இருக்கறது” என்றார்.

பக்கத்தில் இருந்தது எரியவில்லை.

ஜூலை முழுக்க என் லைன் ஒற்றையாகவே இழுத்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்றாம் முறையும் நானே கூப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமே என்றேன்.

“சொல்லணும்னு இல்லையே. லைன் விழுந்தா உனக்கு சத்தம் வரும்னு நீதானே சொன்னே? நீ அன்னிக்கே கூப்பிட்டு, ஏன் நிறுத்தினீங்கன்னு சண்டை போடுவேன்னு நெனச்சேன். ஒரு வாரம் பார்த்தேன். நீ கூப்பிடல. சரி, உனக்கும் இதுதான் சம்மதம்னு—”

அங்கேயே தனியாக வீடு பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று என்பதை மட்டும் பிறகு சொன்னார்.

சத்தத்தை நான் நிறுத்தி வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். “ஓ” என்றார். அப்புறம், “இப்போ சொல்லி என்ன பண்றது” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேலாளரிடமிருந்து பாராட்டு வந்திருக்கிறது. இரண்டு மாதமாக என் வகுப்பு ஒரு முறைகூட அறுபடவில்லையாம்.

மேஜையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே ஜன்னல் பெரியது.