வாள்காரி கேட்ட மந்திரம்

ஞாயிறு சாயங்காலம் கவரைப்பேட்டை வீட்டில் பைசலின் கம்பெனி நண்பர்கள் ஷஃபியுல்லாவும் மற்றவர்களும் கூடி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பகடை உருட்டி ஆடுவார்கள். அவன் மனைவி ரமீஸா அதில் வாள்காரி. ஐந்தாவது லெவல் வந்தவர் இரண்டாவது தொழிலும் கற்கலாம் என்பது அந்த வீட்டு விதி. போன வாரம் அவள் மந்திரம் கேட்டபோது, ஆட்டத்தை நடத்தும் பைசல், "ஊட்டு வேலையே உருப்படியா வர்ல, இவளுக்கு ரெண்டு தொழிலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்று அவன் ஷிப்டில் இருக்கும்போதே அம்மா வீட்டுக்குக் கிளம்பிய ரமீஸா சீட்டு எழுதினாள்.

"கொழம்பு அடுப்பு மேல கீது. சாவிய ஷஃபியுல்லா பாய்கிட்ட குடுத்துட்டுப் போறேன், அவங்கல்லாம் மொதல்ல வந்து ஒக்காந்துக்குவாங்க. ரெண்டு தொழில் ரூல வச்சதே நான்தான். அந்த ஆட்டத்து இங்கிலீஷ் புக்ல நீங்க ஒரு பக்கம்கூட படிச்சதில்ல. நான் சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணிக்கினு போய் அவங்ககிட்ட பீத்திக்கினீங்க. இன்னிக்கி நீங்களே படிச்சி நடத்துங்க. வயித்து மாத்திரைய மறக்காதீங்க."

சீட்டை மடிக்காமல், அவர்கள் ஆடும் கோரைப்பாயின் நடுவில் விரித்து வைத்தாள். செருப்பு மாட்டிய பிறகும் மனம் ஆறவில்லை. திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஷஃபியுல்லா பாய், அவர் வந்தப்பறம் எல்லாருக்கும் கேக்கறாப்ல படிங்க."