முந்தானையை வெட்டியவள்

அக்கா,

இன்று காலை ஒரு பெண் கல்யாணப் புடவையோடு வந்து, அதிலிருக்கும் ரவிக்கைத் துணியை வெட்டித் தைக்கச் சொன்னாள். மடிப்பைப் பிரித்ததும் புதுப்பட்டின் கஞ்சி வாசனை. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் கடைக்கே வந்து நிற்கிறீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் குரும்பகரத்திலிருந்து காரைக்காலுக்கு, உங்களிடம் தையல் கற்க வந்தேன். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள் நான். தொழில் கைவந்தால் தனியாக ஓர் அடுப்பு மூட்டலாம், அவ்வளவுதான் என் ஆசை. கொக்கி வைக்கவும் ஹெம்மிங் போடவும் சொல்லித் தந்தீர்கள். கத்திரியை எடுத்தால் மட்டும் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவீர்கள். "வெட்டத் தெரிஞ்சா நாளைக்கே எதுத்தாப்புல கடை போட்டுடுவே, போடி" என்பீர்கள். வாசலில் உட்கார்ந்து கத்திரிச் சத்தத்தை வைத்தே இது கழுத்து, இது கை என்று ஊகித்துக்கொள்வேன். என்ன புத்தியோ உங்களுக்கு!

அப்படிச் சாத்திய கதவுக்குள்தான் அது நடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெண்ணின் கல்யாணப் புடவை. உடல் பச்சை. ஒரு முனையில் முந்தானை, மறுமுனையில் ரவிக்கைத் துணி, இரண்டுமே அரக்கு. அவசரத்தில் முழுவதும் பிரித்துப் பார்க்காமல் கைக்கு வந்த முனையை வெட்டிவிட்டீர்கள். போனது முந்தானை. கதவைத் திறந்தபோது உங்கள் முகம் வெளுத்திருந்தது. பாவம் பார்த்துத் தண்ணீர் கொடுத்தவள் நான்.

மாலையில் பெண்ணின் அம்மா வந்தார். நீங்கள் என் தலைமுடியைப் பிடித்து அவர் காலடியில் தள்ளினீர்கள்.

"நான் குளிக்கப் போன நேரத்துல கத்திரிய எடுத்துட்டாம்மா, இந்த மூதேவி. வாழாவெட்டி கை பட்டா நல்ல துணி விளங்குமா?"

அந்த அம்மா என்னைப் பார்க்கவே அருவருத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போனபின் அழுதுகொண்டே கேட்டேன். "ஏங்க்கா இப்படிச் சொன்னீங்க?"

ஊசியில் நூல் கோத்தபடி சொன்னீர்கள். "எனக்குப் பேரு போனா பொழப்பு போயிடும். உனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

அதன்பின் காரைக்காலில் யாரும் என்னை நம்பி நல்ல துணி தரவில்லை. ஊருக்கு வெளியே பூவத்தில் ஒரு வாடகை அறை பிடித்துப் பாவாடையும் தலையணை உறையும் தைத்தேன். பழைய ரவிக்கைகளைத் தையல் பிரித்துப் பார்த்து வெட்டக் கற்றுக்கொண்டேன். இப்போதும் கல்யாணத் துணி கொண்டுவருபவர்கள் என் கதை தெரியாத வெளியூர்க்காரர்கள்தான்.

பொங்கல்தோறும் உங்களைப் பார்க்க வந்தேனே, பாசம் என்றா நினைத்தீர்கள்? என்றாவது ஒருநாள், யாரிடமாவது, உண்மையைச் சொல்ல மாட்டீர்களா என்றுதான். காபி கொடுப்பீர்கள், சுகம் விசாரிப்பீர்கள். அந்தப் பேச்சு மட்டும் வராது. கடைசியில் படுக்கையில் விழுந்தபோதும் வந்து, "இப்பவாவது சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் சாவு வீட்டில் எல்லோரையும்விட ஓங்கி அழுதவள் நான்தான். "முந்தானைய வெட்டுனாளே, அவதானே இது? பாரேன், சொல்லிக் குடுத்தவங்கள மறக்கல" என்று பின்னால் ஒருத்தி மெச்சினாள். நான் உங்களுக்காக அழவில்லை, அக்கா. அதை நான் வெட்டவில்லை என்று தெரிந்த ஒரே ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.