கழுவிக் கொடுத்த படங்கு

பெப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மட்டும் இன்று பதினொன்று தைத்தேன். லிங்கம் முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரம் பார்த்து கொழும்பிலிருந்து கிரிஷாந்தனின் அழைப்பு. என்னைப் போன்றவர்களுக்காக வருடத்துக்கு ஒரு நடன விருந்து வைக்கிறார்களே, அந்தக் குழுவுக்கு இப்போது அவன்தான் தலை. ஒவ்வொரு வருடமும் ஒரு கருப்பொருள், அதற்கேற்ற வேஷம், டிக்கெட்டில் சேரும் பணம் ஏதாவது நல்ல காரியத்துக்கு. போன வருடம் "கடலுக்கடியில்". உடம்பெல்லாம் வெள்ளிச் செதில் தைத்துக்கொண்டு போய் முழங்கால் விட்டுப்போகும்வரை ஆடினேன். பயமில்லாமல் ஓர் ஆணின் தோளில் நான் கைபோட்டது இந்த முப்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான்.

இந்த வருடம் விருந்து நம் பக்கத்திலேயே. அப்புத்தளையில் ஒரு பழைய துரை பங்களா, இப்போது ஹோட்டல். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கருப்பொருளைச் சொன்னான்: "தேயிலைத் தோட்டம்."

பாதிப்பேர் துரையாக வருவார்களாம் - தொப்பி, அரைக்காற்சட்டை, கைத்தடி. மீதிப்பேர் கொழுந்து பறிக்கிறவர்களாக. அவர்களுக்கு வேண்டிய துணி தைத்துக் கொடுப்பது நானாம். சிறந்த கொழுந்துக்காரிக்குப் பரிசு.

"ஒங்கட ஆக்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும், ரூபன்" என்றான்.

மரியாதை! என் அம்மா இருபத்தெட்டு வருடமாக அந்த வேஷத்தில்தான் இருக்கிறாள். இதுவரை ஒரு பரிசும் வரவில்லை.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தினம். கடை பூட்டு. அந்தக் கைத்தடியை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஏன் முடியாது என்று சொல்லவில்லை? காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்துவிடும்.

காரணம் விதுர்ஷா. கார்த்திகை மழையில் மண் சரிந்தபோது எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஆறு காம்பிராக்கள் போயின. கலாராணி அக்காவின் புருஷன் அந்த மண்ணுக்குள் போனார். விதுவின் காம்பிராவும் போனது. அவள் அன்று பசறையில் இருந்ததால் தப்பினாள். மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பட்டியலில் இருந்தது அவள் ஆணாகப் பிறந்தபோது வைத்த பெயர். அதனால் அவளை ஆண்கள் படுக்கிற வகுப்பறையில் போட்டார்கள். அங்கே வேண்டாம் என்று ஆண்கள் துரத்த, இங்கே வேண்டாம் என்று பெண்கள் துரத்த, இப்போது அவள் படுப்பது உடைந்த மேசைகள் போட்டு வைத்திருக்கும் அறையில். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டு தடவை யாரோ தள்ளிப் பார்த்திருக்கிறார்கள்.

கிரிஷாந்தனின் குழு வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்த வருடப் பணத்தில் முதல் காரியம், பதுளை டவுனில் விதுவுக்கு ஓர் அறை. அவளைப்போல் போக்கிடம் இல்லாமல் வருகிறவர்களும் அதில் தங்கலாம்.

நான் ஏன் அவளை எங்கள் காம்பிராவுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை? லயமே கேட்கும். அவளுக்கு இடம் கொடுத்தால் என்னைப் பற்றியும் விளங்கிவிடும். கிரிஷாந்தனைத் திட்டுகிற கை இதையும் எழுதட்டும். சீ.

பெப்ரவரி 19, வியாழன்

படங்கு பன்னிரண்டு தைத்து அனுப்பியிருந்தேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஈரமும் அட்டையும் ஏறாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணி. அது வேண்டாமாம். "ரொம்பப் புதுசா" இருக்கிறதாம்.

"பழசு கெடைக்குமா ரூபன்? கறை, கிழிசல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரிஜினல் லுக் வேணும்."

அடுத்தவன் கறைக்கு ஆசைப்படுகிற ஆட்களை இன்றுதான் பார்க்கிறேன். அதற்கும் சரி என்றேன். வாயைக் கழுவவேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

அம்மாவிடம் பழைய படங்கு கேட்டேன். எதற்கு என்றாள். அப்புத்தளையில் ஒரு நாடகம் என்றேன்.

"நம்மளப் பத்தியா நாடகம்?"

"ஆமாம்மா."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை. "காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் நிப்பாங்கல்ல, அப்பவே சொல்லி வாங்கிர்றேன்" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

கடவுளே.

பன்னிரண்டு படங்கும் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாம் துவைத்து, அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைத்து, நான்காக மடித்து. வருடக்கணக்காக ஏறியிருந்த கறை பாதிக்குமேல் போயிருந்தது. கலாராணி அக்கா கிழிசலுக்குச் சிவப்பு நூலில் ஒட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறாள். புருஷன் செத்து மூன்றரை மாதம். எனக்காக உட்கார்ந்து ஒட்டுப்போட்டிருக்கிறாள்.

"அழுக்கோடதாம்மா கேட்டாங்க" என்றேன்.

"யாருடா கேட்டது? வெளியாளுக கையில அழுக்குத் துணியக் குடுத்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?"

மார்ச் 14, சனி

மூன்று மணிக்கு ஆட்டம். பனி இறங்கினால் ஆட்களை ஏற்றிப்போக வான்காரர்கள் வரமாட்டார்கள் என்று பகலிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டுக்கெல்லாம் போய்விட்டேன். ஹோட்டல் குசினிக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தேன்.

ஒரு பெரிய பேசினில் கறுப்பாகக் கொதித்த தேத்தண்ணி. பக்கத்தில் ஒரு வாளி - பூப்பாத்தியிலிருந்து அள்ளிய சேறு. கிரிஷாந்தன் தொப்பியும் அரைக்காற்சட்டையுமாகக் குந்திக்கொண்டு, அம்மா மடித்துக் கொடுத்ததை ஒவ்வொன்றாக உதறிச் சாயத்தில் முக்கி, மேலே சேற்றைப் பூசுகிறான். கையுறை வேறு போட்டிருந்தான்.

"நல்லாத் தோய்ச்சிட்டாங்க ரூபன், லுக்கே போயிட்டு. பயப்படாதீங்க, சமாளிச்சிரலாம்."

அவன் கையில் அப்போது இருந்தது சிவப்பு ஒட்டுப்போட்ட படங்கு.

"அந்தத் துணிக்காரியோட புருஷன் மண்ணுக்குள்ள செத்தவரு" என்றேன்.

அவன் கை நின்றது. முகம் செத்துப்போனது. "ஐயோ, எனக்குத் தெரியாதே" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் துணியைக் கீழே வைக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்டினேன். சேறு என் சட்டையெல்லாம் வழிந்தது. வாசல் பக்கம் திரும்பினால் விது நிற்கிறாள். மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ.

"வை, ரூபன்."

"இதப் பாத்துட்டுமா சொல்ற?"

"பாத்தேன். சீன்னு சொல்லிட்டுப் போக ஒனக்கு வீடு இருக்கு. எனக்குத் தாழ்ப்பா இல்லாத கதவுதான் இருக்கு. இன்னைக்கு மட்டும் பொறுத்துக்க."

வைத்தேன்.

பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. வங்கியிலும் விளம்பரக் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பையன்கள் என் அம்மாவின் படங்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு துரை கைத்தடியால் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பெரட்டு எடுக்கிறான். ஒரே சிரிப்பு. சேறு நிறைய இருந்தவனுக்குத்தான் பரிசு.

கடைசியில் விதுவைக் கூப்பிட்டார்கள். ஒரு படங்கைக் கட்டிக்கொண்டு மேடையில் தன் கதையைச் சொல்லச் சொல்லியிருந்தார்களாம். அவள் கட்டவில்லை. மைக்கை வாங்கினாள்.

"நான் வேஷம் போட்டு வரல. எனக்கு உள்ளுக்குத் தாழ்ப்பாப் போடுற மாதிரி ஒரு கதவு வேணும். அதுக்குத்தான் வந்தேன். இனி பாட்டப் போடுங்க."

அவ்வளவுதான் பேசினாள். ஆட ஆரம்பித்தாள். சிரிப்பெல்லாம் நின்று, ஒவ்வொருவராக அவளைச் சுற்றி ஆட வந்தார்கள். நரைத்த மீசைக்கார துரை ஒருவர் கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். சிங்களம் கலந்த தமிழில், "வாங்க, நாம ஆடுவோம்" என்று கை நீட்டினார். நல்ல கண்கள். நான் அவருடைய அரைக்காற்சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதுவும் நடுவிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாள். போகவில்லை. போன வருடம் ஆடிய கால்தானே? சுவரோடு சுவராக நின்றேன். ஆறு மணிக்குப் படங்குகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் யாரும் வருவதற்குள் சாக்கைப் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் ஐஸ்மாதிரி விழுகிறது. மூன்றாவது துணியில் அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நாடகத்துல சேறெல்லாம் வருதாடா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. அதுவும் அந்தச் சேறு மாதிரியே நாறியது.

"நாடகம் இல்லம்மா. விதுர்ஷா மாதிரி ஆளுங்க சேந்து ஆடுற இடம்." கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "என்ன மாதிரி ஆளுங்க."

நிமிர்ந்து பார்க்கப் பயம். அம்மா குந்தி உட்கார்ந்தாள். என் கையிலிருந்து சவர்க்காரத்தை வாங்கினாள். கலாராணி அக்காவின் துணியை எடுத்துக் கல்லில் போட்டுத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"மண்ணு போயிருச்சு. தேத்தண்ணிச் சாயம் போகாது" என்றாள்.

மற்றவையெல்லாம் ஓரளவுக்குத் தேறின. அது மட்டும்தான் சாயத்தை நன்றாகக் குடித்துவிட்டது. அம்மா தன்னுடைய படங்கைக் கலாராணி அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, சாயம் பிடித்ததைத் தானே வைத்துக்கொண்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா பேசுகிறாள். சோறு, மழை, பஸ். அதைத் தவிர எல்லாம்.

ஏப்ரல் 9, வியாழன்

பதுளையில் அறை கிடைத்துவிட்டது. ஒரு பழைய கட்டடத்தின் மாடி, ஜன்னல் ரோட்டைப் பார்த்தபடி. தாழ்ப்பாளை நானே வாங்கிப்போய் அடித்தேன். விது உள்ளே போய்ப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிரிஷாந்தன் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான். அவனை முழுதாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறான். இன்று மாலையே ஒரு செய்தி: "அடுத்த வருஷத் தீமுக்கு ஐடியா இருந்தா சொல்லுங்க." கூடவே ஒரு தொப்பிப் படம்.

மே 15, வெள்ளி

அம்மா இன்று வேலைக்குப் போகவில்லையாம். கங்காணி வழியில் பார்த்துக் கேட்டார். வீட்டில் கேட்டால் காய்ச்சல் என்றாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லென்றுதான் இருந்தது.

மே 17, ஞாயிறு

விதுவைப் பார்க்கப் போனேன். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் இப்போது அவளோடு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஜன்னல்தான் கண்ணில் பட்டது. ரோட்டை மறைத்துக்கொண்டு ஒரு படங்கு தொங்குகிறது. தேத்தண்ணிச் சாயம், ஓரத்தில் சிவப்பு நூல் ஒட்டு. மேல்விளிம்பை மடித்துத் தைத்துக் கயிறு கோத்திருந்தது. அந்தக் கோணல் தையல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"வெள்ளிக்கெழம வந்தாங்க" என்றாள் விது. "பசறை பஸ்ல, தனியா. ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் பாப்பான்னு அவங்களே ஏறிக் கட்டிட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. எம்மகன் அன்னைக்கு ஆடுனானான்னு."

"நீ?"

"செவுத்தோட நின்னான்னு சொன்னேன். ஏன் ஆடலன்னாங்க. அத அவங்கிட்டயே கேட்டுக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் தேத்தண்ணி ஊற்றினாள். குடித்தேன். கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில். அம்மா சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டாள். நான் எழுதி முடிக்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.