மருமகனை ஜன்னலுக்குத் திருப்பி அனுப்பக் கோரி

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பவர்,
மூன்றாம் மாடி, தெருக்கோடி வீடு,
புதுப் பாலத்தின் கீழ்ப்புறம்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
காற்றுத்தர அளவீட்டுப் பிரிவு,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிச் செல்லப்பட்ட காற்று அளக்கும் பெட்டியை அதே இடத்தில் மீண்டும் பொருத்தித் தர வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பெரிய அளவீட்டு நிலையங்களுக்குச் செலவு அதிகம் என்பதால், தங்கள் அலுவலகம் ஊரெங்கும் வீட்டு ஜன்னல்களில் விலை குறைந்த சிறு பெட்டிகளைப் பொருத்தியது. அவற்றில் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். தூசி குறைவென்றால் பச்சை விளக்கு, கொஞ்சம் கூடினால் மஞ்சள், மிஞ்சினால் சிவப்பு. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் மின்சாரம் தின்றுகொண்டு, எதற்கெடுத்தாலும் முகம் சிவக்கிறது என்று என் மனைவி அதற்கு ‘மருமகன்’ என்று பெயர் வைத்தாள். எங்களுக்கு மகள் கிடையாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. துணி உலர்த்தும் முன் எதிர்வீட்டு அக்கா தன் மாடியிலிருந்து, “மருமகன் என்ன சொல்றாரு?” என்று கேட்பார். நாங்கள் நிறத்தைச் சொல்வோம். தூங்கி எழுவதற்குள் பாலத்துக்கு அப்பால் ஒரு மாடி வளர்ந்துவிடும் ஊர் இது. காலையில் கட்டுமானத் தூசியும் லாரிப் புகையும் கலந்து எழும்பும்போது கட்டடங்களின் அடிப்பகுதி மறைந்து, மேல்மாடிகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதக்கும். பேருந்துகள் விளக்கோடு வந்து விளக்கோடு கரையும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகைச் சுவாசித்துத்தான் என் மனைவிக்கு இழுப்பு வந்தது.

3. மாலைதோறும் அவள் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடிப்பாள். விளக்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த இடம். போர்வையை விலக்கும்போது மருமகன் சிவந்திருப்பார். “பாருங்க, சாயங்காலக் காத்தும் கெட்டுப்போச்சு” என்று இன்னொரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க வைப்பாள். ஆவியின் ஈரத்துளிகளையும் அந்தப் பெட்டி தூசி என்றே எண்ணிக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆவி படிந்த கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்துப் பழுது பார்த்த எனக்கும் மண்டையில் ஏறவில்லை.

4. மருத்துவர் சொன்னபடி அவள் வெளியூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். “காலையில மருமகன் பச்சை காட்டினா சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்” என்பது அவள் ஏற்பாடு. அவள் போன மறுநாள் மாலை விளக்கு பச்சையாக எரிந்தது. எதிர்வீட்டு அக்கா கைதட்டினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலி நாற்காலி மீதும் காய்ந்த பாத்திரத்தின் மீதும் பச்சை ஒளி விழுந்து கிடந்தது. நான் அழுதேன். மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்.

5. காலைச் சிவப்பு மட்டும் மாறவில்லை. தினமும் அவள் தொலைபேசியில் கேட்பாள், நான் உள்ளதைச் சொல்வேன். ஒருநாள் மஞ்சள் என்றதும் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். பை நிறைவதற்குள் சிவந்துவிட்டது.

6. இந்நிலையில் தங்கள் பொறியாளர், பழைய மாலை அளவுகளைப் பெரிய நிலையத்தோடு ஒப்பிட்டு, பெட்டி நம்பத்தகாதது என்று கழற்றிச் சென்றார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த மாலைகள் தவறானவை என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் போன பிறகான மாலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தும். காலை அளவுகளை முதலிலிருந்தே ஒப்பிடுங்கள், அவையும் பொருந்தும். ஆவியைத் தூசி என்று எண்ணியது அதன் பிழை. அதற்காகத் தூசியையும் ஆவி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது, ஐயா.

7. எனவே பெட்டியை அதே ஜன்னலில் பொருத்தவும், பாலத்தோரக் கட்டுமான இடத்தில் காலையில் தண்ணீர் தெளிக்கவும், காத்து நிற்கும் லாரிகளின் எஞ்சினை அணைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அவள் திரும்பி வந்தால் பின்னறையில் ஆவி பிடிப்பாள் என்று அவள் சார்பில் நான் உறுதி தருகிறேன்.

பெட்டி போனதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இன்று காலையும் கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன், “மருமகன் தூங்குறாரு.” “சரி, எழுந்ததும் சொல்லுங்க” என்று அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். வெகுநேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

தாங்கள் தயவுகூர்ந்து அவரை எழுப்பித் தர வேண்டும்.

இடம்: ஜன்னலோரம்
நாள்: காற்று அசையாத திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக ஜன்னலைத் திறக்காமல் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கண்ணாடிக்காரர்