பாதி கேட்ட ‘ஆனா’

பெங்களூரு
11-08-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் உங்களையும் மாவு மில்லையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். அன்பரசி எழுதுகிறேன். நம் வீட்டுக்கு யார் கடிதம் போடுகிறார்கள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். போனில் பேசினால் உங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று சுகுணா அண்ணி சொன்னார். “மில்லு சத்தத்துலயே மாமாவுக்குக் காது போயிருச்சு அன்பு. எதுனாலும் எழுதித்தான் காட்டணும்” என்றார். அதனால் எழுதிக் காட்டுகிறேன்.

மடத்தில் என்னை இறையியல் படிக்க வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் கிரேக்கம். புதிய ஏற்பாட்டை முதன்முதலில் எழுதிய மொழி. அன்பு, அருள், மீட்பு என்று பெரிய சொற்கள்தான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டு போனேன். அவையெல்லாம் அகராதியைப் பார்த்தால் வந்துவிடுகின்றன. படுத்துவது பொடிப்பொடிச் சொற்கள்தான். ‘கை’ என்று ஒன்று. கிரேக்கத்தில் கை என்றால் நம்முடைய ‘உம்’. அப்பாவும் மகளும் என்கிறோமே, அந்த ‘உம்’. “இரண்டு பேரைச் சேர்த்துப் பிடிக்கும் சொல்லுக்குக் கை என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்” என்று வகுப்பில் சொன்னேன். தமிழ் தெரிந்த சிஸ்டர்கள் சிரித்தார்கள். பாடம் நடத்தும் ஃபாதர் மலையாளி, அவர் விழித்தார்.

‘டெ’ என்று இன்னொன்று. இத்தனூண்டுதான் இருக்கும். வாக்கியத்தில் முதலில் வரவே வராது, இரண்டாவதாகத்தான் வந்து நிற்கும். அதற்கு ‘உம்’ என்றும் பொருள், ‘ஆனால்’ என்றும் பொருள். சில இடத்தில், சரி மேலே போகலாம் என்று தலையாட்டுவதோடு சரி. முன்னும் பின்னும் படித்துப் பார்த்துத்தான் எதுவென்று முடிவு செய்ய வேண்டும். நான் தேர்வில் ‘டெ’ வந்த இடத்தில் எல்லாம் ‘ஆனால்’ என்றே எழுதிவைத்தேன். ஃபாதர் தாளைத் திருப்பிக் கொடுத்து, எதைப் பார்த்தாலும் உங்களுக்கு ‘ஆனால்’ என்றுதான் தோன்றுமா சிஸ்டர் என்று கேட்டார்.

ஏன் அப்படித் தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி உங்களிடம்தான் ஒன்று கேட்க வேண்டும். முதல் கடிதத்திலேயே கேட்கத் தைரியம் வரவில்லை. மில்லில் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
அன்பரசி

*

பாப்பாரப்பட்டி
25-08-2024

மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது.

சிஸ்டர் என்று போடுவதா, பாப்பா என்று போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். மழை ஒரு நாள் வந்து பேருக்குத் தூறிவிட்டுப் போனது. மில்லில் பெல்ட் அறுந்து புதிது மாட்டினேன். கேழ்வரகு அரைக்கக் கூட்டம் இருக்கிறது. காதில் பஞ்சு வைக்கச் சொல்கிறாய். கேட்காத காதுக்குப் பஞ்சு எதற்கு?

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு பொடிச் சொல்லுக்கு இத்தனை அர்த்தம் என்றால், இத்தனை வருடம் பூசையில் நாங்கள் எதைக் கேட்டு ஆமென் சொன்னோம் என்று உன் கிரேக்கச் சாமியாரிடம் கேட்டுச் சொல்.

ஒரு குறை இருக்கிறது. மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய, எழுதிவிடுகிறேன். மடத்தில் நீ வாக்குக் கொடுத்த முதல் வார்த்தைப்பாட்டுக்கு அப்பா வரவில்லை என்று உன் அண்ணியிடம் அழுதாயாம். அச்சடித்த அட்டை வந்தது. உங்கள் மடத்துத் தலைவி மதர் கையெழுத்து இருந்தது. ‘அப்பா வாங்க’ என்று உன் கையால் ஒரு வரி இல்லை. ஊருக்கே போகும் அட்டையை நம்பி நான் எப்படிப் பஸ் ஏறுவேன்? லீவில் வந்தாய். மில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாய், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாய். நானும் மில்லை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

என்னவோ கேட்க வேண்டும் என்கிறாயே. கேள்.

அப்பா,
சவுரியப்பன்

*

பெங்களூரு
08-09-2024
மாதா பிறந்தநாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த அட்டையில் ஒரு வரி எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் மடத்துக்குக் கிளம்பிய அன்று பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே நின்று நீங்கள் “போ” என்றீர்கள். பிறகு “ஆனா” என்றீர்கள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மீதி என் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்து நேராகவே பார்த்துக்கொண்டு போனேன்.

கிரேக்கத்தில் ‘ஆனால்’ இரண்டு வகை, அப்பா. ‘டெ’ மெல்லியது. முன்னால் சொன்னதைக் கெடுக்காது. இன்னொன்று ‘அல்லா’. நம் ‘அல்ல’வை இழுத்துச் சொன்ன மாதிரி இருக்கும். அது செய்வதும் அதுதான், முன்னால் சொன்னதைத் தள்ளிவிட்டுத் தான் வந்து உட்காரும். அன்றைக்கு நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள்? போ, ஆனா உடம்பைப் பார்த்துக்கொள் என்றா? போ, ஆனா இனிமேல் நீ என் மகள் இல்லை என்றா? அம்மா போன பிறகு மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குச் சடை பின்னிவிட்டவர் நீங்கள். உங்களை விட்டுவிட்டு வந்தவள் நான். இரண்டாவதைச் சொல்லியிருந்தாலும் நியாயம்தான் என்றே பல நாள் நினைத்திருக்கிறேன்.

டிசம்பரில் எனக்கு இறுதி வார்த்தைப்பாடு. சாகும்வரைக்கும் என்று கொடுக்கும் வாக்கு. உங்கள் ‘போ’ முழுசாகக் கிடைக்காமல் என்னால் அதைச் சொல்ல முடியாது. எது என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள் என்று முடிக்கத்தான் நினைத்தேன். அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்பரசி

*

பெங்களூரு
06-10-2024

அப்பா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அண்ணியிடம் கேட்டேன். “கடுதாசியப் படிச்சாரு, மடிச்சி சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. மில்லப் பூட்டிட்டு எங்கியோ போறாரு, வராரு. கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு” என்றார். நீங்கள் சொன்னது இரண்டாவதுதான் என்று புரிந்துகொண்டேன்.

டிசம்பரில் என் பெயர் வேண்டாம் என்று மதரிடம் சொல்லிவிட்டேன். அவசரப்படாதே, மாதக் கடைசிவரை பார்ப்போம் என்கிறார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

அன்பரசி

*

பாப்பாரப்பட்டி
17-10-2024

பாப்பா,

முதலில் விஷயம். நான் ‘ஆனா’ என்று சொல்லவே இல்லை.

இதை உடனே எழுதியிருப்பேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு நினைவில் இருந்தது ‘போ’ மட்டும்தான். வயிற்றெரிச்சலில் எதையாவது சொல்லித் தொலைத்தேனோ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் தேடினேன். அந்த வண்டியில் கண்டக்டராக இருந்தவர் மாரியப்பன். என்னைவிட மூத்தவர். ரிட்டயராகி, தொப்பூரில் மகன் வைத்திருக்கும் ஓட்டலில் கல்லாவில் உட்காருகிறார் என்றார்கள். போனேன், ஊரில் இல்லை. மறுபடி போனேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நேற்றுத்தான் ஆள் கிடைத்தார்.

ரோட்டில் லாரிச் சத்தம், எனக்குக் காது இந்த லட்சணம். அவர் என் காதில் வாய் வைத்துக் கத்தியதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ என்னத்தான் கூப்ட்ட சவுரியப்பா. ‘அண்ணா, அண்ணா, ஒரு நிமிசம் நிறுத்துங்ணா’ன்னு வண்டியத் தட்டிக்கிட்டே ஓடியாந்த. பின்னாடி லாரிக்காரன் ஆரன அடிச்சிக்கிட்டே இருந்தான், நான் ரைட் குடுத்துட்டேன். அப்பறம் பாத்தா நீ ரோட்டுல கையத் தூக்கிக்கிட்டு நிக்கற.”

அவர் சொன்ன பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு உன் நெற்றியில் சிலுவை போட மறந்துவிட்டேன் பாப்பா. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் போட்டுத்தானே அனுப்புவேன். ‘போ’ என்று சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளுக்கு இனி அப்பன் கை தேவையில்லை போல என்று நினைத்துக்கொண்டு மில்லுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் போட்ட மோட்டாரை, நீ லீவில் வந்து வாசலில் நின்றபோதும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்.

காது போனவன் நான், தப்பாகக் கேட்டவள் நீ. உன் சாமியாரிடம் சொல், அது டெயும் இல்லை, அல்லாவும் இல்லை, பஸ் கண்டக்டர் என்று.

டிசம்பரில் உன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மதரிடம் இன்றைக்கே கேள். அட்டை அடித்தால் ஒன்று எனக்கும் அனுப்பு. ஓரத்தில் உன் கையால் ஒரு வரி இருக்க வேண்டும். முந்தின நாளே உன் அண்ணன், அண்ணியோடு வந்துவிடுவேன். பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் நில். படியில் ஏறி நிற்காதே, எனக்கு எட்டாது.

‘போ’ என்பதை அன்றைக்கே முழுசாகச் சொல்லிவிட்டேன். கைதான் பாக்கி.

உன் அப்பா,
சவுரியப்பன்