பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முறைத்துக்கொண்டிருக்கிறது. நீ சுகம் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போடும் ‘ம்’களை வைத்துத் தெரிந்துகொள்கிறோம்.

எங்கள் கண்ணாடிப் பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. லென்ஸ் வெட்ட முதலாளி புது மெஷின் வாங்கியிருக்கிறார். அதில் பழக ஓர் ஆளை இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், விசா, டிக்கெட், தங்கும் அறை எல்லாம் எங்கள் பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும் என்று மெஷின் கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். போவது யார் என்று கேட்கவே வேண்டாம், எங்கள் சூப்பர்வைசர்தான். வாய்ப்பு சொல்லிட்டு வராதும்மா, நாமதான் ரெடியா இருக்கணும் என்று பத்து வருஷமாக லென்ஸைவிட எங்கள் காதை அதிகம் தேய்த்தவர். நாற்காலிக்குப் பின்னால் இஸ்திரி போட்ட கோட்டு, டிராயரில் புது டை, ஆங்கிலத்தில் கைகுலுக்கப் பயிற்சி வேறு. முதலாளி பாஸ்போர்ட்டைக் கேட்டார். மனிதர் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தார், அது காலாவதியாகி நாலு வருஷம். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதே என்று நான் ஒரே லென்ஸை மூன்று தடவை துடைத்தேன். வேற யார்கிட்டதான் இருக்கு என்று முதலாளி கத்தினார். என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெருமை உனக்கே. பாஸ்போர்ட் எடுத்து வைம்மா, டிக்கெட் அனுப்பறேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னவன் நீதானே. முதல் வருஷம் உன் ஆபீஸில் ஆள் குறைவு, அடுத்த வருஷம் குளிர், போன வருஷம் வீடு மாற்றினாய். நான் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் வெட்டுகிறவள் என்பது முதலாளிக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் எந்த ஊர் என்று கேட்டேன். நீ இருக்கும் ஊர்தான். உடனே போன் பண்ணிச் சொல்லு, அவனும் ரெடியாக வேண்டாமா என்கிறார் அப்பா. போனில் சொன்னால் ஒரே நிமிஷத்தில் ஒரு காரணத்தோடு ரெடியாகிவிடுவாய். அதனால் கடிதம், அதையும் கிளம்புகிற அன்றைக்குத்தான் தபாலில் போடுவேன். இது உன் கைக்கு வரும்போது நான் அங்கே இருப்பேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. அறையின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எனக்கு வேலை கிடையாது, மறந்துவிடாதே. இரண்டு கட்டில் போட்ட அறையாம். ஒன்றில் என் பையை வைத்திருப்பேன், நீ வந்தால் எடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா