மேசையில் ஏறிய பாகற்கொடி

தாராவி,
மே 24

அன்புத் தோழி மாரீஸ்வரிக்கு,

உமைரா எழுதுவது. இங்கே உம்மா, வாப்பா, தப்ரேஸ் அண்ணன், நான் எல்லாரும் நலம். உன் அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? கம்பு இல்லாமல் நடக்கிறாரா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீயும் "ம்", "சரி" தவிர வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் நஜ்முன்னிசா மாமி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எலுமிச்சை மண்டியில் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, தனியாக உட்கார்ந்து படி.

மாரி, நான் ஓர் அதிசயத்தைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் புளியங்குடிக்குப் போன பிறகு வாப்பாவின் பட்டறைக்கு லேசர் மெஷின் வந்தது. பெட்டிக்கடை ஐஸ்கிரீம் பெட்டியைப் போல இருக்கும், மூடியில் கறுப்புக் கண்ணாடி. இனிமேல் போட்டோவுக்குச் சட்டம் மட்டும் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்று வாப்பா வாங்கினார். ஓட்டுவது தப்ரேஸ் அண்ணன். ஒரு மரத்தில் மெல்லிய பள்ளம் எடுத்து, வேறு நிற மரத்தை அதே வடிவத்தில் வெட்டி அந்தப் பள்ளத்தில் பதிப்பதுதான் வேலை. பெயிண்ட் ஒரு துளி கிடையாது. வெளுப்புக்கு மூங்கில், பழுப்புக்கு வேகவைத்த மூங்கில், கறுப்புக்கு ஈட்டி மரம். எல்லாம் மரத்தின் சொந்த நிறம்.

அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. மரத்தைத் தொடுகிற இடத்தில் மட்டும் கடுகளவில் ஒரு நட்சத்திரம் எரியும். அது ஊர்ந்துபோன வழியில் மரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ரம்பச் சத்தம் இல்லை, மரத்தூள் இல்லை. புகையை இழுக்கும் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டே இருக்கும். மூங்கிலை வெட்டும்போது மழைநாளில் சோளம் சுடுகிற வாசனை வரும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நாம் இருவரும் மனப்பாடம் செய்தோமே, அது வளைந்து வளைந்து இலை வெட்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லையே! முதல் நாள் நான் சாப்பிடக்கூடப் போகாமல் கண்ணாடி முன்னால் நின்றேன். "சினிமா முடிஞ்சாச்சு, எந்திரிச்சுப் போ புள்ள" என்று அண்ணன் விரட்டினான்.

இனிமேல்தான் உன் கதை வருகிறது. மாட்டுங்காவிலிருந்து மாலதி ஆன்ட்டி என்று ஒருவர் சாப்பாட்டு மேசைக்கு மேல்பலகை செய்யச் சொல்லி வந்தார். வாப்பா கம்ப்யூட்டரில் மயிலைக் காட்டினார். "ஐயோ, மயில் வேண்டாம் பாய். எங்க பில்டிங்ல மாடிக்கு ஒரு மயில் இருக்கு" என்றுவிட்டார். தாமரை, யானை, கோலம் எதுவும் பிடிக்கவில்லை. நான் ஓடிப்போய் நீ விட்டுப்போன பரீட்சை அட்டையை எடுத்துவந்தேன். கணக்கு வகுப்பில் அதன் பின்பக்கத்தில் நீ பால்பாயின்ட் பேனாவால் வரைந்த படம்தான். இங்கே நம் லேபர் கேம்ப் சந்தில் உன் சண்முகவடிவு பெரியம்மா பெயிண்ட் டப்பாவில் வைத்த பாகற்கொடி, தண்ணிக் குழாயைச் சுற்றி, துணிக்கொடியில் ஏறி, கிளிப்பைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு போகுமே, அதேதான்.

வாப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம கேம்ப்பு பைப்பக் கொண்டுபோயி மாட்டுங்கா வீட்டு மேசையில வைக்கச் சொல்லுதியா?" என்றார். மாலதி ஆன்ட்டி அட்டையைக் கையில் வாங்கினவர் தரவே இல்லை. "யார் போட்டது இது?" என்று மட்டும் கேட்டார். என் சிநேகிதி என்றேன். இதையே பதித்துக் கொடுங்கள் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டார்.

முதல் இலையை வெட்டின அன்று ஒரு தப்பு நடந்தது. நான் சொன்னபடிதான் அண்ணன் செய்தான். இலைக்கும் பள்ளத்துக்கும் ஒரே கோடு, ஒரே அளவு. அப்போதுதானே கச்சிதமாக உட்காரும்? ஆனால் பள்ளத்தில் வைத்த இலை ஆடியது. பலகையைச் சாய்த்ததும் கீழே விழுந்துவிட்டது. அண்ணன் சிரித்தான். "அரே, வெளிச்சத்துக்கும் பசிக்கும்லா? போற வழியில கொஞ்சம் தின்னுட்டுத்தான் போகும்" என்றான். ஒளி போன கோட்டின் அகலத்துக்கு மரம் எரிந்துபோகிறது, இலை அந்த அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. அதனால் இலையை அதன் இடத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக வரையவேண்டும். அடுத்த இலை அப்படித்தான் வந்தது. பார்த்தால் நுழையவே நுழையாது போல இருந்தது. அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினான். 'டக்' என்று உட்கார்ந்துகொண்டது. நகத்தால் தடவினாலும் இரண்டு மரம் என்று தெரியவில்லை. விளிம்பில் எரிந்த பழுப்பு மட்டும் நீ மை போட்ட கோடு மாதிரியே நிற்கிறது. கொடி பற்றிக்கொண்டு ஏறும் சுருள்கம்பிகளை இடுக்கியால் எடுத்து நானே பதித்தேன். மூச்சு விட்டால் பறந்துவிடும், அவ்வளவு மெல்லியவை. கிளிப் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது மாரி!

வலது கீழ் மூலையைத் தவிர. நீ அங்கே வரைவதற்குள் உன் அப்பா லாரியிலிருந்து விழுந்த செய்தி வந்து, வகுப்பிலிருந்து உன்னைக் கூட்டிப்போனார்கள். கொடி பாதியில் நிற்கிறது. "ஒரு க்ளிக்குதான்" என்று அண்ணன் இடது மூலையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வைத்தான். கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி ஆகிவிட்டது. மாலதி ஆன்ட்டி பார்த்துவிட்டு, "வேண்டாம். போட்டவளே முடிக்கட்டும், நான் காத்துண்டிருக்கேன்" என்றார். எனக்கும் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அந்த நுனியை நீ எங்கே கொண்டுபோக நினைத்தாய்?

நம் வகுப்பு பஞ்சு சார் வருகைப் பதிவேட்டில் உன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. ஜூனில் வந்து விடுபட்ட பரீட்சையை எழுதினால் பத்தாம் வகுப்பில் உட்காரலாம் என்கிறார். உன் பெரியம்மா, "எங்கூட படுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டார். மண்டிக் கூலி நின்றால் வீட்டில் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். படம் வரைந்தவளுக்குக் கூலி உண்டு என்றும், அதை உன் வீட்டுக்கே அனுப்புவதாகவும் வாப்பா சொல்கிறார். நேற்று உன் அப்பாவிடமும் பேசினார். "பாக்கலாம் பாய்" என்றாராம். சுடலைக்கண்ணன் வாயில் 'பாக்கலாம்' வந்தால் பாதி சரி என்று அர்த்தம் என்கிறாள் உம்மா. மீதிப் பாதியை நீதான் கேட்டு வாங்கவேண்டும். "ம்", "சரி" என்று இருந்துவிடாதே.

ஒருநாள் ஸ்பீக்கர் இல்லாதபோது, "ரொம்ப நாள் விட்டுட்டேன், எனக்கு இனி அங்க சேராது" என்றாயே. இப்போது அந்த இலையைப் பார்த்துவிட்டேன். சரியான அளவில் இருந்ததுதான் விழுந்தது. நுழையாது என்று நினைத்தது இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

மூலையைக் காகிதத்தில் வரைந்து மாமியிடம் கொடுத்துவிடச் சொல்லி எழுது என்றான் அண்ணன். நான் அப்படி எழுதமாட்டேன். நீயும் வரைந்து அனுப்பிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

மாமி திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறோம். மாமியுடையது உறுதியாகிவிட்டது. உன் பெயரில் உள்ளது வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. அது நகர நான் இங்கே துஆ கேட்கிறேன், நீ அங்கே சங்கரன்கோவில் அம்மனிடம் சொல்லு. உன் அப்பாவின் கால் நன்றாக ஊன்றட்டும்.

பலகையின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கும்,
உன் உமைரா